இரண்டு பேருக்கும் கணக்கில் 27, சான்றிதழ் ஒருவனுக்குத்தான்

கணக்கு வாத்தியார் | ஜனவரி 6, இரவு 9:42

வணக்கம். வட மாவட்டம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அரையாண்டு விடைத்தாள்களைத் திருத்தி எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். இரண்டு தாள்கள் மட்டும் பையிலேயே கிடக்கின்றன. கொடுக்க மனம் வரவில்லை.

இரண்டிலும் 27. ஒருவன் ஜன்னலோரம் உட்காருகிறவன், இன்னொருவன் வாசலோரம். பெயர் வேண்டாம், அப்படியே சொல்கிறேன்.

ஜன்னலோரப் பையனுக்கு மூளை முடக்குவாதம். வலக்கை ஒத்துழைக்காது. அடையாள அட்டை, மருத்துவச் சான்று எல்லாம் இருக்கின்றன. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர் உண்டு, கூடுதலாக ஒரு மணி நேரமும் உண்டு. வாசலோரப் பையனிடம் எந்தக் காகிதமும் இல்லை. எங்கள் பதிவேட்டில் இருவரும் ‘மெல்லக் கற்போர்’. மாலை நாலரைக்கு மேல் இருவருக்கும் ஒரே அறை, ஒரே மினிமம் மெட்டீரியல்.

தெரியாதவர்களுக்காக: பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. அந்த இரண்டு எட்டும் வடிவியல் வரைதலும் வரைபடமும். தொடுகோடு, வடிவொத்த முக்கோணம், ஒரு வரைபடம் என்று பழக்கிவிட்டால் 16 கையில். புத்தகத்தின் ஒரு மதிப்பெண் வினாக்களை மனப்பாடம் செய்தால் பத்து. இன்னும் கொஞ்சம் சேர்த்தால் 35, பாஸ். மினிமம் மெட்டீரியல் என்பது இவ்வளவுதான்.

இப்போது அந்த இரண்டு 27-ஐயும் பிரித்துப் பாருங்கள். வாசலோரப் பையனுக்கு வரைந்ததில் 14, ஒரு மதிப்பெண்ணில் 6, மீதி 7 அங்கொன்றும் இங்கொன்றும். ஜன்னலோரப் பையனுக்கு ஒரு மதிப்பெண்ணில் 9, இரண்டு மதிப்பெண்ணில் 8, ஐந்து மதிப்பெண்ணில் 10. வரைந்ததில் பூஜ்யம். காம்பஸ் பிடிக்க முடியாத பையனுக்கு, வரைந்தே பாஸாகும் வழியை நான் நான்கு மாதமாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதுபவரிடம் “இங்கே மையம் வை, இவ்வளவு விரி” என்று வாயால் சொல்லித் தொடுகோடு போடச் சொல்லிப் பாருங்கள், நமக்கே முடியாது.

அடுத்தது இன்னும் மோசம். தாளில் வாசலோரப் பையன் விட்டுவிட்ட ஒரு அளவியல் கணக்கை நேற்று சும்மா வாயால் கேட்டேன். ஆரம் 7 செ.மீ., உயரம் 20 செ.மீ., உருளையின் கன அளவு என்ன? விரலை மடக்கிக்கொண்டே, “மூவாயிரத்து எண்பது. மூன்று லிட்டர் சொச்சம் சார், எங்கள் கடை சாம்பார் வாளியில் பாதிகூட வராது” என்றான். அவன் அப்பா டிபன் கடை வைத்திருக்கிறார். அதே கணக்கைத் தாளில் படிக்கச் சொன்னேன். ‘உருளை’ என்பதை ‘உரலை’ என்று படித்துவிட்டு நின்றுவிட்டான்.

ஜன்னலோரப் பையன் தமிழை மளமளவென்று படிப்பான். எட்டிலிருந்து பன்னிரண்டைக் கழித்தால் என்ன என்றால் 4 என்பான். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரை பாதி நாள் பிசியோதெரபிக்குப் போயிருக்கிறான். குறை எண் அவன் இல்லாத நாளில் நடந்த பாடம் போலிருக்கிறது. அரையாண்டில் எழுதுபவர் இருந்தார், கூடுதல் நேரமும் கொடுத்தோம். அரை மணி நேரம் மிச்சம் இருக்கும்போதே “முடிச்சுட்டேன் சார்” என்று எழுந்துவிட்டான். தெரியாத கணக்குக்கு நேரம் எதற்கு?

ஆக, வாசித்துக் காட்ட ஆள் தேவைப்படுகிறவனுக்கு ஆள் இல்லை. ஆள் இருப்பவனுக்குத் தேவை பாடம். நாமினல் ரோல் (தேர்வெழுதுவோர் பட்டியல்) போய்விட்டது, மார்ச்சில் தேர்வு. என்ன செய்யலாம்?


மூன்றாம் பெஞ்சு | ஜனவரி 6, இரவு 10:15

சார், கோபிக்காதீர்கள். இந்தச் சலுகை விவகாரமே எனக்கு ஒப்பவில்லை. ஒரு மணி நேரம் கூடக் கொடுத்தால் யார்தான் கூட வாங்க மாட்டார்கள்? எனக்குக் கொடுத்திருந்தால் நானும் கணக்கில் அரியர் இல்லாமல் போயிருப்பேன். தேர்வு என்றால் எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே மணி. இல்லாவிட்டால் எதற்கு அதைப் பொதுத்தேர்வு என்று சொல்ல வேண்டும்?


தென்காசி சாரல் | ஜனவரி 6, இரவு 10:31

ஒரே தாள் சரி. அந்தத் தாளை எல்லோராலும் படிக்க முடிகிறதா என்பதுதானே கேள்வி? கணக்குத் தாள் கணக்கைச் சோதிக்கிறதா, தமிழ் வாசிப்பைச் சோதிக்கிறதா?


வளமைய அக்கா | ஜனவரி 7, காலை 6:05

நான் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியை, பதினோரு ஆண்டுகளாக. கணக்கு சார் இரண்டு தாள்களையும் பிரித்துப் பார்த்தது பெரிய விஷயம். பெரும்பாலும் மொத்த மதிப்பெண்ணைத்தான் பார்ப்போம், 27 என்றால் சிவப்பு மையில் ஒரு வட்டம், அவ்வளவுதான்.

வாசலோரப் பையனுக்கு முதலில் கண்ணைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். ‘டிஸ்லெக்ஸியாவாக, அதாவது எழுத்தை வாசிக்கத் திணறும் குறைபாடாக இருக்குமோ’ என்று என்னிடம் அனுப்பப்பட்டவர்களில் கண்ணாடி போட்டதும் சரியானவர்கள் இருக்கிறார்கள். கண்ணொளி காப்போம் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி இலவசம். அப்புறம் காது. அதற்கப்புறம்தான் மற்றது.

கண்ணும் காதும் சரி என்றால், நீங்கள் சொல்வது கற்றல் குறைபாடு போலத்தான் தெரிகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் அதுவும் ஒன்று. கூடுதல் நேரம், எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற மாற்றங்களைத் தேர்வு முறையில் செய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. நம் மாநிலத்தில் டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகளுக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு பல ஆண்டுகளாகவே உண்டு.

ஆனால் சான்றிதழ் வாங்கும் பாதை நீளம். 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில், எது முதலில் வருகிறதோ அப்போது, பள்ளியே முதற்கட்டமாகச் சலித்துப் பார்க்க வேண்டும். உங்கள் பையன் மூன்றாம் வகுப்பில் யாராவது பார்த்தார்களா? பார்த்திருக்க மாட்டார்கள். அடுத்து குழந்தை மருத்துவர், பிறகு உளவியலாளர். அவர் முதலில் ஐக்யூ (அறிவுத்திறன் அளவு) எடுப்பார். 85-க்கு மேல் இருந்தால்தான் கற்றல் குறைபாட்டுக்கான சோதனைக்கே போவார்கள், பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் சோதனைத் தொகுப்பு என்பார்கள்.

என் பதினோரு ஆண்டுகளில் என்னை அதிகம் அழ வைத்த எண் அந்த 85. அறிவுசார் குறைபாடு என்று சொல்ல 70-க்குக் கீழே வர வேண்டும். கற்றல் குறைபாடு என்று சொல்ல 85-க்கு மேலே போக வேண்டும். நடுவில் 78, 80 என்று வருகிற பிள்ளைக்கு இரண்டு கதவும் மூடி. அவனுக்குச் சான்றிதழும் இல்லை, சலுகையும் இல்லை, என்னைப் போன்ற சிறப்பாசிரியரின் பட்டியலிலும் பெயர் இல்லை. “மாற்றுத்திறன் இல்லாத, மதிப்பெண் குறைந்த மாணவன்.” அவ்வளவுதான் அவன் அடையாளம். மெல்லக் கற்போர் என்று நீங்கள் மாலையில் உட்கார வைத்திருக்கிற கூட்டத்தில் எத்தனை பேர் அந்த நடுப்பிள்ளைகள் என்று யாரும் எண்ணியதில்லை.


எண்ணும் மனிதன் | ஜனவரி 7, காலை 8:20

அக்கா சொன்னதை எண்ணால் தொட்டுப் பார்க்கலாம். 2025 பத்தாம் வகுப்பு முடிவுகள்: தேர்வெழுதியவர்கள் 8,71,239 பேர், தேர்ச்சி 93.80 விழுக்காடு. மாற்றுத்திறனாளிகள் 12,290 பேர் எழுதி 11,409 பேர் தேர்ச்சி, அதாவது 92.83 விழுக்காடு.

பார்த்தவுடன் என்ன தோன்றும்? ஒரு விழுக்காடுதான் வித்தியாசம், ஆகா, பிரச்சினையே இல்லை என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்புறம் வகுத்தேன். 12,290-ஐ 8,71,239-ஆல் வகுத்தால் 1.4 விழுக்காடு. பார்வை, செவி, கை கால், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு எல்லாம் சேர்த்து 1.4. உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு, கற்றல் குறைபாடு மட்டுமே பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 15 விழுக்காடு வரை என்கிறது. குறைந்த கணக்கான 5-ஐ வைத்தாலும் எட்டே முக்கால் லட்சத்தில் நாற்பதாயிரத்துக்கு மேல். அவர்கள் எங்கே?

சிலர் பத்தாம் வகுப்புக்கு முன்பே நின்றிருப்பார்கள். மற்றவர்கள் அந்த 98.6 விழுக்காட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள், ‘குறைபாடு இல்லாதவர்கள்’ என்ற பெயரில். அதனால் “குறைபாடு உள்ளவர்கள் இவ்வளவு, இல்லாதவர்கள் இவ்வளவு” என்று இரண்டு தேர்ச்சி விழுக்காட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. சான்றிதழ் உள்ளவர், சான்றிதழ் இல்லாதவர் என்று வேண்டுமானால் ஒப்பிடலாம்.

இன்னொன்று, 35 வாங்கியவனும் 95 வாங்கியவனும் தேர்ச்சி விழுக்காட்டில் ஒன்றே. கணக்கு சாரின் இரண்டு பையன்களும் மார்ச்சில் 36 வாங்கினால் இந்த அட்டவணையில் இருவரும் வெற்றிக் கதை.


எடிசன் அம்மா | ஜனவரி 7, மாலை 5:50

நியூஜெர்சியிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் கரூர். என் மகளுக்கு இங்கே மூன்றாம் வகுப்பில் டிஸ்லெக்ஸியா என்று கண்டுபிடித்தார்கள். எண்ணும் மனிதன் சொன்ன 1.4-ஐப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. இங்கே அரசுப் பள்ளிகளில் சிறப்புக் கல்விச் சட்டத்தின் கீழ் உதவி பெறும் பிள்ளைகள் ஏறத்தாழ 15 விழுக்காடு. அவர்களில் பெரிய கூட்டம் கற்றல் குறைபாடுதான், மூன்றில் ஒருவர் போல. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும் மூளை வேறா என்ன? தேடினால் கிடைக்கிறார்கள்.

ஐக்யூ விஷயத்திலும் ஒன்று. இங்கேயும் முன்பு ஐக்யூவுக்கும் வாசிப்பு மதிப்பெண்ணுக்கும் பெரிய இடைவெளி இருந்தால்தான் கற்றல் குறைபாடு என்பார்கள். 2004-இல் சட்டத்தைத் திருத்தியபோது, அந்த இடைவெளியைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது என்றார்கள். அதற்குப் பதிலாக, முதலில் நன்றாகச் சொல்லிக் கொடுத்துப் பார், அப்போதும் முன்னேறவில்லையென்றால் அடுத்த படிக்குப் போ என்ற முறையையும் அனுமதித்தார்கள். குறை இல்லாமல் நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சான்றிதழ் வரும் வரை பிள்ளை சும்மா உட்கார வேண்டியதில்லை.

மூன்றாம் பெஞ்சுத் தம்பிக்கு: “கூடுதல் நேரம் கொடுத்தால் யார்தான் கூட வாங்க மாட்டார்கள்” என்று நீங்கள் கேட்டதை இங்கே உண்மையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வசதி நியாயமானதென்றால் அது குறைபாடு உள்ள பிள்ளைக்கு அதிகமாகவும் மற்றவர்களுக்குக் குறைவாகவும் உதவ வேண்டும், இதுதான் அளவுகோல். 2005-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னது: கூடுதல் நேரத்தால் இரு சாராருமே கூட வாங்கினார்கள், குறைபாடு உள்ளவர்கள் இன்னும் கூட. ஆக நீங்கள் சொன்னது பாதி சரி.


மூன்றாம் பெஞ்சு | ஜனவரி 7, மாலை 6:20

பாதி சரி என்று யாராவது சொல்லி ரொம்ப நாளாகிறது, நன்றி அக்கா. 😄

அப்படியென்றால் எல்லோருக்குமே நாலு மணி நேரம் கொடுத்துவிட்டால் என்ன? கணக்குத் தேர்வு ஓட்டப்பந்தயமா?


எடிசன் அம்மா | ஜனவரி 7, இரவு 7:10

நல்ல கேள்வி. அதையொட்டியே இங்கே ஒரு கதை நடந்தது. 2002-இல் ‘எந்தப் பிள்ளையும் பின்தங்கக் கூடாது’ என்ற சட்டம் வந்தபோது 95 விழுக்காடு பிள்ளைகளைத் தேர்வில் உட்கார வைத்தே ஆக வேண்டும் என்றார்கள், குறைபாடு உள்ளவர்களுக்கும் அதே 95 தனியாக. அவர்களுடைய மதிப்பெண்ணையும் தனியாக வெளியிட வேண்டும். அதுவரை பல பள்ளிகள் இந்தப் பிள்ளைகளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பிறகு 2007-இல் ஓர் இடைவழி: மிகக் கடுமையான குறைபாடும் இல்லை, வழக்கமான தாளையும் எட்ட முடியவில்லை என்ற பிள்ளைகளுக்காகத் தாளைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம், மொத்த மாணவர்களில் 2 விழுக்காடு வரை அப்படித் தேர்ச்சி பெற்றவர்களாகக் காட்டலாம் என்றார்கள். நான்கு விடைகளுக்குப் பதில் மூன்று, நீளமான பத்தியைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, தேவையில்லாத வார்த்தையை எடுப்பது, இப்படி. சோதித்துப் பார்த்தால் குறைபாடு இல்லாத பிள்ளைகளுக்கும் அந்த வினாக்கள் எளிதாகிவிட்டன. கேள்வியைத் தெளிவாகக் கேட்டால் எல்லோருக்கும் நல்லதுதானே! அப்புறம் எதற்கு 2 விழுக்காட்டுக்கு மட்டும்? 2015-இல் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். இப்போது மிகக் கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும்தான் மாற்றுத் தாள், அதற்கும் 1 விழுக்காடு உச்சவரம்பு.

என் மகளுக்கு அந்த மாற்றுத் தாளெல்லாம் கிடையாது. வழக்கமான தாள்தான். கணக்குத் தாளை மட்டும் கணினி வாசித்துக் காட்டும், அவள் காதில் மாட்டிக்கொண்டு கேட்பாள். வாசிப்புத் தேர்வில் அவளுக்கு அந்த வசதி இல்லை, அங்கே சோதிப்பதே வாசிப்பை.


தலையாட்டி | ஜனவரி 7, இரவு 7:44

தொடர்வதற்காக ஒரு பதிவு.


ஓய்வு பெற்ற ஹெச்எம் | ஜனவரி 8, அதிகாலை 4:50

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். எடிசன் அம்மா சொன்ன “கணக்கிலேயே சேர்ப்பதில்லை” என்ற வரி என்னைக் குத்திவிட்டது.

ஒரு பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் மாவட்டக் கூட்டத்தில் எழுந்து நிற்க வைப்பார்கள். ஐம்பத்தைந்து வயது ஆளை எழுந்து நிற்க வைத்து, “உங்கள் பள்ளி ஏன் கடைசி?” என்பார்கள். அதற்குப் பயந்து நான் செய்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் தேறமாட்டான் என்று பட்ட பிள்ளைகளின் அப்பாக்களைக் கூப்பிட்டு, “டுடோரியலில் சேர்த்துத் தனித்தேர்வராக எழுத வையுங்கள், அங்கே தனியாகக் கவனிப்பார்கள்” என்று நயமாகச் சொல்லி டிசி கொடுத்தேன். ஒரு ஆண்டில் நான்கு பேர். அந்த ஆண்டு எங்கள் பள்ளி நூறு விழுக்காடு. சால்வை போட்டார்கள்.

ஆய்வுத் தேர்வு நாளிலும் அப்படித்தான். வெளியிலிருந்து ஆள் வந்து பிள்ளைகளைச் சோதிக்கும் நாளில், ‘உடம்பு சரியில்லாத பிள்ளைகள்’ வீட்டில் இருக்கட்டும் என்று வகுப்பாசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். யார் அந்தப் பிள்ளைகள் என்று அவர்களுக்கும் தெரியும். பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் ஏசர் ஆய்வுக்காரர்கள் பள்ளிக்கு வராமல் வீடு வீடாகப் போய்ப் பிள்ளையைத் திண்ணையில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்வது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை, எரிச்சல்தான் வந்தது. வீட்டில் பிள்ளையை ஒளிக்க முடியாதே.

அந்த நான்கு பேரில் ஒருவன் இப்போது எங்கள் தெருவில் கேஸ் சிலிண்டர் போடுகிறான். என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்கிறான். அவனுக்கு வாசிப்பு வராது என்று நினைத்திருந்தேன். ரசீதைப் பார்க்காமலே எந்த வீட்டுக்கு எந்தத் தேதியில் போட்டது என்று சொல்வான்.


வளமைய அக்கா | ஜனவரி 8, காலை 6:30

ஐயா, எழுதியதற்கு நன்றி. மேலே எதுவும் சொல்லத் தெரியவில்லை.


கோவை பானு | ஜனவரி 8, பகல் 12:15

நான் ஆசிரியை இல்லை, அம்மா. என் மகன் எட்டாம் வகுப்பு. மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் 1991-லேயே தொடங்கியதாம், எனக்கு அப்படி ஒரு வார்த்தை இருப்பதே மூன்று ஆண்டுக்கு முன்தான் தெரியும்.

சான்றிதழ் வாங்கலாம் என்றபோது வீட்டில் பூகம்பம். மாமியார் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். “நல்லா இருக்கிற பிள்ளைக்கு ஊனம்னு பட்டம் கட்டப் போறியா? நாளைக்குப் பொண்ணு யாரு குடுப்பா?” பதிமூன்று வயதுப் பிள்ளைக்குப் பெண் தேடுகிறார்கள். கணவர் எதுவும் பேசவில்லை. ஆறு மாதம் கழித்து அவரே, “எனக்கும் சின்ன வயதில் இப்படித்தான், மற்ற பையன்களைப் பார்த்துப் படம் வரைவது மாதிரி எழுதுவேன்” என்றார். பத்தாவது மூன்று முறை எழுதியவர். இன்றைக்கு ஆறு தறி ஓட்டுகிறார்.

எனக்கு ஒரு சந்தேகம். என் மகன் ‘கொ’ என்று எழுதும்போது முதலில் க எழுதிவிட்டு, அப்புறம் முன்னால் போய்க் கொம்பு போட்டு, அப்புறம் பின்னால் வந்து கால் போடுகிறான். வரிசை மாறி மாறி ‘கெர’, ‘ரெக’ என்றெல்லாம் வரும். ஆங்கிலத்தில் b-யும் d-யும் மாறும் என்கிறார்கள். தமிழுக்கு இதுவா?


வளமைய அக்கா | ஜனவரி 8, மதியம் 2:40

பானு, நீங்கள் பார்த்தது சரியான இடம். வாயில் க் முதலில் வருகிறது, எழுத்தில் கொம்பு முதலில் நிற்கிறது. சாதாரணப் பிள்ளைக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும், இந்தப் பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் ஆகும். ண, ன, ந இருக்கவே இருக்கிறது. ஆனால் ல, ள, ழ குழப்பத்தை மட்டும் வைத்து யாரையும் முடிவு கட்டாதீர்கள். அப்படிப் பார்த்தால் பாதி தமிழ்நாட்டுக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டிவரும்.

கணக்கு சாருக்கு: இந்த ஆண்டே சான்றிதழ் கிடைக்குமா என்று உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் இன்றே மனு கொடுங்கள். எழுதுபவர் வசதியை 40 விழுக்காடு குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் என்று கட்டிப்போடக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் குறைபாடு உள்ள ஒரு தேர்வர் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தோடு போராடி வாங்கிய தீர்ப்பு அது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டும், தேர்வுகள் இயக்ககத்தின் உத்தரவு வர வேண்டும்.

அது வரும் வரை ஒரு வழி. உங்கள் எட்டு இயல்களிலும் திரும்பத் திரும்ப வரும் வார்த்தைகள் எத்தனை இருக்கும்? நிறுவுக, காண்க, வரைக, எனில், கூம்பு, உருளை, அரைக்கோளம், ஆரம், சாயுயரம், நிகழ்தகவு. ஐம்பது, அறுபதைத் தாண்டாது. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லாதீர்கள், அந்த ரயில் போய்விட்டது. ஒவ்வொன்றையும் அட்டையில் பெரிதாக எழுதி, பக்கத்தில் படம் போட்டு, ஆளைப் பார்த்துப் பெயர் சொல்வது மாதிரி மொத்தமாக அடையாளம் காணச் சொல்லுங்கள்.

ஜன்னலோரப் பையனுக்கு உங்கள் மினிமம் மெட்டீரியலைத் தூக்கிப் போடுங்கள். தமிழை நன்றாக வாசிப்பவனுக்கு எதற்குக் குறுக்குவழி? மூன்று வாரம் குறை எண், பின்னம் மட்டும் நடத்துங்கள்.


எண்ணும் மனிதன் | ஜனவரி 8, மாலை 4:10

சின்ன வகுப்புகளில் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிற்கும் இடத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். சான்றிதழைக் கேட்பதில்லை, என்ன தெரியும் என்றுதான் கேட்கிறார்கள். அக்கா சொல்வதும் அதேதான் இல்லையா? பத்தாம் வகுப்புக்கு வந்ததும் மட்டும் ஏன் அது ஒரே மூட்டையாகிவிடுகிறது?


கணக்கு வாத்தியார் | ஜனவரி 8, இரவு 9:05

ஏனென்றால் பத்தாம் வகுப்பில் என்னிடம் 41 பேர், வாரத்துக்கு ஏழு பீரியடு, எட்டு இயல். அரும்பு, மொட்டு பிரிக்க ஆள் எங்கே சார்? குறை சொல்லவில்லை. செய்து பார்க்கிறேன்.


கணக்கு வாத்தியார் | பிப்ரவரி 3, இரவு 8:30

எல்லோருக்கும் ஒரு தகவல். கொஞ்சம் தாமதம், பொங்கல் விடுமுறையும் திருப்புதல் தேர்வும் வந்துவிட்டன.

வாசலோரப் பையனுக்குக் கண் பரிசோதனை செய்தோம், குறை இல்லை. காதும் சரி. அவன் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினேன். கடையைப் பூட்டிவிட்டு வந்தார். சான்றிதழ் என்றதும் முகம் மாறியது. பானு மேடம் எழுதியதைப் பெயர் சொல்லாமல் சொன்னேன், அந்த ஆறு தறி விஷயத்தையும். கொஞ்ச நேரம் கழித்து, “நானும் சரக்குச் சீட்டைப் பையனோட அம்மாகிட்டதான் சார் படிக்கச் சொல்வேன்” என்றார். மனு கொடுத்தாகிவிட்டது. மாவட்ட மருத்துவமனையில் குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டார், உளவியலாளருக்கு அடுத்த வாரம் நாள் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் திருப்புதல் தேர்வில் ஒரு காரியம் செய்தேன். பள்ளி அளவிலான தேர்வுதானே என்று, மெல்லக் கற்போர் பதினான்கு பேரையும் தனி அறையில் உட்கார வைத்து ஒவ்வொரு வினாவையும் இரண்டு முறை நானே வாசித்தேன். விளக்கம் கொடுக்கவில்லை, வாசித்தேன், அவ்வளவுதான். வாசலோரப் பையன் 27-லிருந்து 44. அவன் ஒருவன்தான் ஏறுவான் என்று நினைத்தேன். இன்னும் மூன்று பேர் பத்து மதிப்பெண்ணுக்கு மேல் ஏறியிருக்கிறார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று நான்கு மாதமாகத் திட்டியிருக்கிறேன். ஒருத்தி எப்போதும் பக்கத்துப் பெண்ணின் தாளை எட்டிப் பார்ப்பாள். காப்பி அடிக்கிறாள் என்று இடம் மாற்றி உட்கார வைத்திருந்தேன். வினாவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் பார்த்தாளோ என்னவோ.

மீதிப் பத்துப் பேருக்கு அநேகமாக அதே மதிப்பெண்தான். வாசித்தாலும் தெரியாததுதான் தெரியாது.

ஜன்னலோரப் பையன் 29. வாசித்ததால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, எதிர்பார்த்ததுதான். ஆனால் பீரோ, கிணறு, மாடிப்படி என்று மூன்று வாரமாகக் குறை எண் நடத்தியதில் இயற்கணிதத்தில் இரண்டு ஐந்து மதிப்பெண் கணக்கைக் கடைசிப் படி வரை கொண்டுபோயிருக்கிறான். விடை தப்பு, வழி சரி. இதுவரை அவன் ‘வழி’ என்று எதையும் எழுதச் சொன்னதில்லை. அவனுக்கு எழுதிக் கொடுத்த ஆசிரியை, “சார், இந்தத் தடவை மணி அடிக்கிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தான், என் கை வலிக்குது” என்றார்.


மூன்றாம் பெஞ்சு | பிப்ரவரி 3, இரவு 9:12

சார், அந்த எட்டிப் பார்க்கும் பெண் விஷயம்... எனக்குப் பத்தாவதில் காப்பி என்று எழுதி வாங்கினார்கள். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. சும்மா சொல்லி வைக்கிறேன்.


வளமைய அக்கா | பிப்ரவரி 3, இரவு 9:30

தம்பி, தனிமடல் பாருங்கள்.

கணக்கு சார், அந்த மூன்று பேரின் பெயரையும் எனக்கு அனுப்புங்கள். வியாழக்கிழமை உங்கள் ஒன்றியத்துக்குத்தான் வருகிறேன். இரண்டாம் திருப்புதலுக்கு முன் உட்கார்ந்து பார்த்துவிடலாம். அந்தப் பத்துப் பேரின் பெயரையும் அனுப்புங்கள், அவர்கள் என் பட்டியலில் வர மாட்டார்கள், இருந்தாலும் அனுப்புங்கள்.